கை கழுவும் 40 செக்கன்: சாகக் கிடப்பவர்களைப் பார்க்கும் தாதியருக்கான கவனப் பயிற்சி

கேள்வி சுருக்கமாக: மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையில் மருத்துவ வாட்டுக்குப் பொறுப்பாக இருக்கும் தாதிய சகோதரி கேட்டிருக்கிறார். கடைசிக் கட்டத்தில் உள்ளவர்களைப் பார்த்துப் பார்த்துத் தாதியப் பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள். வெளிநாடுகளில் இதற்கென்று தியானப் பயிற்சி இருக்கிறதாமே, சைவர், முஸ்லிம், வேதக்காரர் எல்லாரும் வேலை செய்யும் வாட்டில் அதை எப்படிச் செய்வது, எவ்வளவு நேரம் எடுக்கும், பாயும் மணியும் வாங்கவேண்டுமா?

அமைதியாக இருக்கப் பழக்கும் பயிற்சி என்று எண்ணித் தொடங்கினால் மூன்றாம் கிழமையிலேயே கைவிட்டுவிடுவீர்கள். சாகக் கிடப்பவரின் கட்டிலருகே நிற்கும்போது நமது மனம் எங்கே ஓடுகிறது, உடம்பு எங்கே இறுகுகிறது, தேவையில்லாத ஒரு சொல்லைச் சொல்ல வாய் ஏன் அவசரப்படுகிறது என்பதை அந்த நேரத்திலேயே பிடிக்கப் பழகுவதுதான் இதில் உள்ள வேலை. அப்படிப் பழகியவர் சில நாள் அமைதியாக இருப்பார், சில நாள் அழுவார். அழுதால் பயிற்சி பிழையாகிப்போனது என்று நினைக்கவேண்டாம்.

எங்கிருந்து வந்தது என்று பணிப்பாளர் கேட்பார், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். 1967இல் இலண்டனில் சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் சென் கிறிஸ்தோபர்ஸ் ஹொஸ்பிஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், சாகிறவரின் நோவு உடம்பில் மட்டும் இல்லை, மனம், குடும்பம், ஆன்மா எல்லாவற்றிலும் சேர்ந்த முழுவலி என்றார். அப்படியானால் அதைப் பார்க்க வருகிறவரும் கையும் ஊசியும் மட்டுமாக வந்து நிற்க முடியாது. 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் ஸென் ஹொஸ்பிஸ் திட்டம் (ஸென் ஒரு பௌத்தத் தியான மரபு) தியானம் பழகிய தொண்டர்களைக் கட்டிலருகே அனுப்பியது. நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபேயில் 1990இல் உபாயா நிலையத்தை நிறுவிய ஜோன் ஹலிஃபாக்ஸ், மானிடவியலாளர், ஸென் ஆசிரியை. டொக்டர்மாரும் தாதியரும் 8 நாள் தங்கிப் பயிலும் ஒரு பயிற்சியை அங்கே வளர்த்தெடுத்தார். அவர் வகுத்த ‘கிரேஸ்’ என்ற ஐந்து படிகள்தான் நமக்கு அதிகம் உதவும்: கவனத்தை ஒன்றுசேர்த்தல், எதற்கு வந்தோம் என்று நினைவூட்டிக்கொள்ளல், முதலில் தன்னையும் பிறகு எதிரில் இருப்பவரையும் உணர்தல், எது உண்மையில் உதவும் என்று எண்ணிப் பார்த்தல், செய்துவிட்டு முடித்தல். 8 நாள் லீவு நம் ஆட்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. படிகள் கிடைக்கும்.

இன்னொரு விடயத்தையும் பிள்ளைகளுக்கு முதல் நாளே விளங்கப்படுத்துங்கள். “பாவம் பாத்துப் பாத்துக் களைச்சுப் போயிற்றன்” என்று வாட்டில் சொல்வோமே, ஜேர்மனியில் லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோர் செய்த ஆய்வுகள் அந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்துக் காட்டின. மற்றவரின் துன்பத்தைத் தன் துன்பமாக உணர மட்டும் பழக்கப்பட்டவர்கள், துன்பப்படுகிறவர்களின் வீடியோத் துண்டுகளைப் பார்த்தபோது அவர்களது மனநிலை சரிந்தது. அதே ஆட்களுக்குப் பிறகு பரிவுப் பயிற்சி கொடுத்தார்கள். அதாவது, ‘இவருக்கு நல்லது நடக்கவேணும்’ என்று வெளிநோக்கி விரும்பப் பழக்கினார்கள். சரிந்தது மீண்டும் எழுந்தது. மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறாக இருந்தன. ஆக, ஆளைத் தின்பது இரக்கம் இல்லை. நோயாளியின் நோவை வாங்கித் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டு, அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் தின்கிறது. ‘மனசக் கல்லாக்கிப் பழகு’ என்று மூத்தவர்கள் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தி இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகிறது.

எங்கே தொடங்குவது? குழாயடியில். சவர்க்காரம் போட்டுக் கை கழுவ உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நேரம் 40 முதல் 60 செக்கன். யாரும் ‘சும்மா நிற்கிறாய்’ என்று கேட்காத ஒரே 40 செக்கன் வாட்டில் அதுதான். உள்ளங்கையோடு உள்ளங்கை தேய்க்கும்போது இரண்டு பாதமும் நிலத்தில் அழுந்துவதை உணருங்கள். புறங்கையும் விரலிடுக்கும் தேய்க்கும்போது மூன்று வெளிமூச்சு, உள்மூச்சைவிடச் சற்று நீளமாக. பெருவிரலைச் சுற்றித் தேய்க்கும்போது எதற்குப் போகிறோம் என்று ஒரே வசனம். நகநுனியை உள்ளங்கையில் உரசும்போது தாடை, தோள், வயிறு: எது இறுகியிருக்கிறது என்று பார்ப்பது மட்டும், தளர்த்த முயலவேண்டாம். தண்ணீரில் கழுவும்போது போகப்போகும் கட்டிலில் இருப்பவரின் பெயர். இலக்கம் இல்லை, பெயர். கிரேஸின் முதல் மூன்று படியும் இதற்குள் முடிந்துவிட்டது.

அந்த ஒரே வசனம் சின்னதாக, பேச்சுத் தமிழில் இருக்கட்டும். ‘எல்லா உயிரும் துன்பம் நீங்கி வாழ்க’ என்று தொடங்குகிறவர்கள் நான்காம் நாள் வெறும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ‘இந்த அம்மாவ நோகாமத் திருப்பிப் போடவேணும்’ என்பது தாக்குப்பிடிக்கும்.

இதில் பிழை வருவது எப்படியென்றால், முதற் கிழமை ஆர்வத்தில் ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் செய்யப் போவார்கள். இரண்டாம் கிழமை அது அட்டவணையாகிவிடும், மூன்றாம் கிழமை நின்றுவிடும். ஒரு டியூட்டிக்கு 3 முறை போதும்: வந்தவுடன் ஒன்று, மிகக் கடினமான கட்டிலுக்குப் போகுமுன் ஒன்று, வீட்டுக்குப் போகுமுன் ஒன்று. இன்னொரு பிழை, கவனத்தில் மூழ்கிக் கை தேய்ப்பதை நிறுத்திவிடுவது. சிரிக்கவேண்டாம், நடக்கும். கை நின்றால் பயிற்சியும் நின்றது என்று சொல்லி வையுங்கள். ஸ்பிரிட் தேய்க்கும் இடங்களில் 20 முதல் 30 செக்கன்தான் கிடைக்கும், அங்கே பாதமும் மூச்சும் பெயரும் போதும்.

நான்காம், ஐந்தாம் படிகள் கட்டிலருகேதான் விளங்கும். நம் பக்கத்தில் கிட்டத்தட்ட எல்லா வாட்டிலும் நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வயதான ஓர் அம்மா, சேடம் இழுக்கத் தொடங்கிவிட்டது. மகன் போத்தலில் பாலும் கரண்டியும் கொண்டுவந்து நிற்கிறார். “மிஸ்ஸி, அம்மாக்கு ரெண்டு சொட்டுப் பால் பருக்கட்டா?”

உடனே வாயில் வருவது: “ஐயோ, வேணாம், புரையேறும்!” மருத்துவப்படி சரியான பதில். ஆனால் அதைச் சொன்ன பிறகு என்ன நடக்கிறது? அவர் தலையாட்டிவிட்டு, நீங்கள் அடுத்த கட்டிலுக்குத் திரும்பியதும் பருக்குவார். புரையேறும். சண்டை வரும். அல்லது பருக்காமல் விட்டுவிட்டு, தாய்க்குப் பால் கொடுக்காத மகன் என்று ஆயுள் முழுக்க மனம் வேகுவார்.

நின்று பார்த்தால் முதலில் தெரிவது நமது பயம்: என்ட டியூட்டியில புரையேறிச் செத்தால் கேள்வி வரும். அதைக் கண்டுகொண்டால் அதற்குப் பின்னால் மகனின் கை நடுங்குவது தெரியும். அவர் கேட்பது சாப்பாட்டைப் பற்றியல்ல, பிள்ளைக் கடனைப் பற்றி. எது உதவும் என்ற கேள்விக்கு இப்போது வேறு பதில் கிடைக்கிறது. கட்டிலின் தலைமாட்டை 30 பாகை அளவு உயர்த்தி, அம்மாவை ஒருக்களித்துக் கிடத்துங்கள். கோஸ் (காயத்துக்குக் கட்டும் மெல்லிய வலைத்துணி) துண்டு ஒன்றை விரலில் சுற்றி, பாலில் நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து மகனிடமே கொடுங்கள். “தம்பி, இப்பிடிப் பிடிங்க. உதட்டிலயும் கன்னத்துக்கு உள்ளயும் மெதுவாத் தடவுங்க. அம்மாக்கு விழுங்க ஏலாது, ஆனா உதட்டில படும்.” வெறும் பஞ்சைக் கொடுக்காதீர்கள், நார் வாயில் ஒட்டும். பால் காய்ந்தால் புளிக்கும், அரை மணிக்குப் பிறகு தண்ணீரில் நனைத்த கோஸால் துடைத்துவிடவேண்டும். முஸ்லிம் குடும்பம் ஸம்ஸம் தண்ணீர் கொண்டுவந்தாலும் இதே முறைதான். மொத்தம் ஒன்றரை நிமிடம். மறுத்துவிட்டுப் பிறகு போடும் சண்டைக்கு ஆகும் நேரத்தில் கால்வாசியும் இல்லை.

செய்தாயிற்று, முடிக்கவேண்டுமே. ஐந்தாம் படியின் இந்தப் பாதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஓர் எட்டுப் பின்னால் வந்து, ஒரு வெளிமூச்சு, ‘இங்கே என் வேலை இப்போதைக்கு முடிந்தது’ என்று மனதுக்குள் ஒரு சொல், பிறகு குறிப்பில் எழுதுவது. முடிக்காத கட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித்தான் இரவு 2 மணிக்கு நித்திரை வராமல் பண்ணுகின்றன.

நோயாளியின் மூச்சோடு தன் மூச்சைச் சேர்த்துவிடும் பயிற்சி ஒன்றைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நோயாளி பதற்றமாக, ஆனால் ஒழுங்கான மூச்சோடு இருக்கும்போது சரி. நிமிடத்துக்கு 30க்கு மேல் இளைக்கிறவரோடு சேர்ந்து விட்டால் உங்களுக்குத் தலை சுற்றும். கடைசி நாளில் வேகமாகி, ஆழமாகி, குறைந்து, அரை நிமிடம்வரை நின்று மறுபடி தொடங்கும் மூச்சோடு சேரவே கூடாது, அந்த இடைவெளியில் உங்கள் உடம்பு பயந்துவிடும். அப்போது கை ஒன்றைத் தோளிலோ முன்கையிலோ வைத்து, பாரத்தை அழுத்தாமல், உங்கள் மூச்சை உங்கள் ஓட்டத்தில் விட்டுக்கொண்டு பார்த்திருப்பதே பயிற்சி.

இனி, கூடிச் செய்யும் பகுதி. கிழமைக்கு ஒரு நாள் 45 நிமிடம், 8 கிழமை. காலை 7 மணிக்காரர் இறங்கும் பகல் 1 மணி மாற்றம் நல்ல நேரம். இரவு 12 மணித்தியாலம் நின்றவரை விடிய 7 மணிக்குப் பிடித்து உட்காரவைக்கவேண்டாம், கண்ணை மூடியதும் குறட்டைதான் வரும், அதில் பிழையும் இல்லை. 8 முதல் 10 பேர். சிற்றூழியர்களை விட்டுவிடாதீர்கள். கழுவுவது, துடைப்பது, பிரேதத்தைத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் அவர்கள். வாட்டின் சாவில் பெரும் பங்கைச் சுமப்பவர்களை ‘பயிற்சி தாதியருக்குத்தான்’ என்று வெளியே நிறுத்துவது அடிக்கடி காணும் பிழை. நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டரில் 70 டொக்டர்மாரோடு நடத்தி 2009இல் வெளியான ஆய்வில் கிழமைக்கு இரண்டரை மணித்தியாலம் என்று 8 கிழமையும், பிறகு மாதம் ஒருமுறை என்று 10 மாதமும் செய்தார்கள். சோர்வு குறைந்தது, ஒன்றேகால் வருடம் வரை நின்றது. ஆனால் ஒப்பிடுவதற்கு வேறு குழு அதில் இல்லை, நமக்குக் கிடைப்பதோ அந்த நேரத்தில் மூன்றிலொன்றுக்கும் குறைவு. ஆகவே அதே பலன் வரும் என்று கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். கடிதத்தில் எழுத வேறு பலமான வரி இருக்கிறது: தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் நோய்த் தணிப்புப் பராமரிப்புக்கென 2019–2023 காலத்துக்கான தேசிய மூலோபாயச் சட்டகம் ஒன்றை வெளியிட்டது. அதைச் சுட்டினால் இது உங்கள் சொந்த ஆசை என்று தள்ளிவைக்க மாட்டார்கள்.

முதல் இரண்டு கிழமை உடம்பும் மூச்சும் மட்டும், 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இங்கேதான் நம் ஊருக்கென்று ஒரு கவனம் தேவை. கண்ணை மூடி மூச்சைப் பார் என்று புத்தகங்கள் சொல்லும். கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, திருக்கோவில், கல்லடி, நாவலடி என்று கரையோரத்தில் பிறந்தவர்களில் பலருக்குக் கண்ணை மூடினால் 2004 டிசம்பர் 26 வந்து நிற்கும். மூச்சைக் கவனி என்றால் தண்ணீருக்குள் மூச்சு முட்டியது வரும். யுத்த காலத்தில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளில் இருந்து வருகிறவர்களும் உங்கள் அறையில் இருப்பார்கள், சொல்லமாட்டார்கள். அதனால் இயல்பான முறையே கண்ணைத் திறந்து, மூன்று நான்கு அடி தள்ளி நிலத்தைப் பார்ப்பதாக இருக்கட்டும். கவனத்தை மூச்சில் வைக்க ஏலாதவர் பாதத்திலோ, கதிரை முதுகில் படும் இடத்திலோ வைக்கலாம். கதவைப் பூட்டாதீர்கள். கதவருகே இருக்கை வேண்டும் என்று கேட்கிறவருக்கு ஏன் என்று கேட்காமல் கொடுங்கள்.

மூன்றாம், நான்காம் கிழமை இருவர் இருவராகக் கேட்கும் பயிற்சி. ஒருவர் 3 நிமிடம் பேசுவார், மற்றவர் ஒன்றும் சொல்லாமல் கேட்பார், 1 நிமிடம் இருவரும் சும்மா இருப்பார்கள், பிறகு மாறுவார்கள். சும்மா என்றால் ‘ம்’ கொட்டுவது, தலையாட்டுவது, ‘அதெல்லாம் சரியாயிரும்’ என்பது ஒன்றும் இல்லை. மட்டக்களப்பில் வளர்ந்தவருக்கு ‘ம்’ கொட்டாமல் கேட்பது பெரிய தண்டனை. முதல் முறை இருவரும் சிரித்துவிடுவார்கள், விடுங்கள். சகோதரியையும் அவருக்குக் கீழே வேலை செய்யும் தாதியையும் சோடி சேர்க்கவேண்டாம், டொக்டரையும் சிற்றூழியரையும் முதல் நாளிலேயே சேர்க்கவேண்டாம். நோயாளியைப் பற்றிப் பேசினால் ஊர், தொழில், எத்தனை பிள்ளை என்ற மூன்றும் வரக்கூடாது. ‘களுவாஞ்சிகுடிப் பக்கம், கடை வச்சிருக்கிற ஆள், ரெண்டு பொம்பிளப் பிள்ளை’ என்றால் அறையில் ஒருவருக்கு அவர் மச்சான் முறையாக இருப்பார்.

யாராவது அழுதால் உடனே லேஞ்சியை நீட்டாதீர்கள். நீட்டினால் ‘போதும், நிறுத்து’ என்றுதான் படும். ஒரு நிமிடம் போகட்டும். நடத்துகிறவர் ஆலோசகராக மாறக் கூடாது, அது வேறு தொழில்.

ஐந்தாம் கிழமைக்கு ஒரு கைக்கடிகாரம் வேண்டும். “மிஸ்ஸி, நான் தப்புவனா?” என்று நோயாளி கேட்பார். வெளியே குடும்பம் “அம்மாட்ட ஒண்டும் சொல்லிராதீங்க” என்று கட்டளை போட்டிருக்கும். இடையில் நிற்பவர் தாதி. ஒருவர் நோயாளியாக, ஒருவர் தாதியாக இருந்து இதை நடித்துப் பழகுங்கள். பதில் இரண்டு துண்டுதான். “இண்டைக்கு ஏன் அப்பிடி நினைக்கிறீங்கம்மா?” என்று கேட்பது ஒன்று. பிறகு 10 செக்கன் வாயை மூடியிருப்பது மற்றது. கடிகாரத்தை மூன்றாமவர் பார்ப்பார். பெரும்பாலானோர் 3 அல்லது 4 செக்கனில் எதையாவது பேசிவிடுவார்கள். அந்த 10 செக்கனுக்குள்தான் நோயாளி தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லத் தொடங்குவார். நீங்கள் எதையும் உடைக்கத் தேவையில்லாமல் போகும். கேட்டதை டொக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மறக்கக்கூடாத அடுத்த வேலை.

அம்பாறைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு பாரம் உண்டு. சிங்களம் மட்டும் பேசும் டொக்டர், தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி, நடுவில் மொழிபெயர்க்கும் தாதி. கெட்ட செய்தி டொக்டரின் அறிவிலிருந்து வந்தாலும் நோயாளியின் காதில் விழுவது தாதியின் குரல். குடும்பம் பிறகு வெறுப்பதும் அந்தக் குரலைத்தான். இதற்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. கட்டிலுக்குப் போகுமுன் என்ன சொல்லப்போகிறார் என்று டொக்டரிடம் 30 செக்கன் கேட்டு வாங்குங்கள். ஒரு நேரத்துக்கு ஒரு வசனம் மட்டும் மொழிபெயருங்கள். நோயாளி முதற் கேள்வியைக் கேட்டு முடிக்கும்வரை டொக்டர் கட்டிலை விட்டு நகரக்கூடாது என்று வாட்டில் ஒரு வழக்கமாக்குங்கள். பிறகு குழாயடி.

ஆறாம் கிழமை பரிவுச் சொற்கள். மூன்று சொல் போதும், ஆளாளுக்குத் தங்கள் நாக்கில் வருவதாக: ‘உங்களுக்கு நோ குறையவேணும். நீங்க பயமில்லாம இருக்கவேணும். என்னால ஏலுமானதச் செய்வன், மிச்சம் என்ட கையில இல்ல.’ மூன்றாவதை விட்டால் முதலிரண்டும் ஆளைக் களைக்கப்பண்ணும். முஸ்லிம் சகோதரிகள் இதைத் துஆவாகவே கேட்க விரும்புவார்கள், கேட்கட்டும். மௌனத்தில் திக்ரு, சிவபுராணம், செபமாலை எதுவும் ஓடலாம், சத்தமாக வேண்டாம். ‘தியானம்’ என்ற சொல்லையே விட்டுவிட்டு ‘கவனப் பயிற்சி’ என்று போடுவது என் பரிந்துரை. அந்தச் சொல்லோடு சிலருக்குக் கோயிலும் சிலருக்கு விகாரையும் வந்துவிடும், வருகிறவர் குறைவார்.

ஏழாம் கிழமை தன் மரணத்தை எண்ணிப் பார்ப்பது. உபாயாவில், பழைய பௌத்த ஆசானான அதீஷரின் மரணம் பற்றிய ஒன்பது சிந்தனைகளைப் பயன்படுத்துகிறார்கள். நம்மிடம் அதற்குப் பஞ்சமில்லை: பட்டினத்தார் இருக்கிறார், மௌத்தை நினைவுகூரச் சொல்லும் ஹதீஸ் இருக்கிறது, சாம்பற் புதன் இருக்கிறது. ஆனால் ஹொஸ்பிஸ் பயிற்சிகளில் பரவலாக உள்ள ஒரு விளையாட்டை இங்கே செய்யவேண்டாம். அன்பான ஆட்கள், பொருட்கள், இடங்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதவைத்து, நடத்துகிறவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கிழிப்பார், இழப்பு என்றால் என்னவென்று உணர்த்த. ஒரே காலையில் எல்லாத் துண்டையும் கடல் பிடுங்கிய ஊரில், பிரேதம் கூடக் கிடைக்காமல் இன்னும் தேடுகிற தாய்மார் இருக்கும் ஊரில், அது பயிற்சியல்ல, கொடுமை. பதிலாக இதைக் கேளுங்கள்: ‘இந்த வாட்டில் 12ஆம் கட்டிலில் உங்கள் கடைசிக் கிழமை என்றால், எது உங்களை எரிச்சலூட்டும்?’ முகத்துக்கு நேரே எரியும் லைட், இரவில் ட்ரொலிச் சில்லுச் சத்தம், ‘பன்ரெண்டாம் கட்டில்’ என்று கூப்பிடுவது, மூத்திரப் பை எல்லாருக்கும் தெரியத் தொங்குவது என்று பட்டியல் வரும். அதில் பாதியை அடுத்த நாளே செலவில்லாமல் திருத்தலாம். கடந்த ஒரு வருடத்துக்குள் வீட்டில் சாவு கண்டவருக்கு இந்தக் கிழமை கட்டாயமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசிக் கிழமை சாவுக்குப் பின்னான நிறுத்தம். வேர்ஜீனியா பல்கலைக்கழக வைத்தியசாலையின் தாதி ஜொனத்தன் பார்ட்டெல்ஸ் தொடங்கிய வழக்கம் இது: உயிர் போனபின் அங்கே நின்ற எல்லாரும் முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் சும்மா நிற்பார்கள். திரைக்குள் நின்று ஒருவர் சொல்வார்: “இந்த ஐயா போயிற்றார். எங்கட வாட்டுக்கு வரமுந்தி அவருக்கு ஒரு வீடும் தொழிலும் ஆக்களும் இருந்திச்சு. எங்களால ஏலுமானதச் செய்தம். கொஞ்சம் சும்மா நிப்பம்.” அவ்வளவுதான். குடும்பம் ஒப்பாரி வைக்கத் தொடங்கியிருந்தால் அடக்கப் போகாதீர்கள், அவர்கள் வெளியே போனபின், குழாய்களைக் கழற்றுமுன் செய்யுங்கள். முஸ்லிம் நோயாளி என்றால் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கைகால் நேராக்கிப் போர்த்துவதை முதலில் முடித்துவிட்டு நில்லுங்கள். ஜனாஸா தாமதிப்பது இந்த 45 செக்கனால் இல்லை, கடதாசிகளால். அவற்றை உடனே தொடங்குங்கள். மரண விசாரணைக்குப் போகும் சாவு என்றால் கனுலாவோ குழாயோ எதையும் கழற்றக்கூடாது, நிறுத்தம் மட்டும் செய்யலாம்.

நம் வாட்டுகளில் பலர் வாட்டில் சாவதில்லை என்பதும் கணக்கில் வரவேண்டும். “வீட்ட கொண்டு போறம் மிஸ்ஸி, அங்க கிடந்து போகட்டும்” என்று கேட்டு, டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி, வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று கிழமை பார்த்தவர் என்ன ஆனார் என்று தாதிக்குத் தெரியாது. வெள்ளை விரிப்பை உருவி அடுத்த ஆளைக் கிடத்திவிடுவார்கள். இந்தச் சாவுகள்தான் முடிவடையாமல் நிற்கின்றன. பழைய விரிப்பை உருவுமுன், வெறும் கட்டிலருகே மூன்று மூச்சு நின்று அவர் பெயரை ஒருமுறை சொல்வதை வாட்டு வழக்கமாக்குங்கள். மருந்தும் வாய் துடைக்கும் முறையும் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா என்று பார்க்கும் நேரமும் அதுவே.

இத்தனையும் செய்தாலும் ஒன்றைச் செய்யாது: நோவைக் குறைக்காது. வாயால் கொடுக்கும் சாதாரண மோர்பின் 4 மணிக்கொருமுறை போகவேண்டும், கூடவே மலமிளக்கி. 8 மணிக்கொருமுறை எழுதப்பட்டுக் கிடந்தால், அலறும் நோயாளியின் அருகே மூச்சைக் கவனித்துக்கொண்டு நிற்பது பரிவில்லை, போய் டொக்டரைப் பிடியுங்கள். 40 கட்டிலுக்கு இரண்டு பேர் நிற்கும் இரவுக்கும் இது மருந்தில்லை. ஆள் கேட்டு எழுதும் கடிதத்துக்குப் பதிலாக இந்தப் பயிற்சியை நிர்வாகம் நீட்டினால், வாங்கிக்கொண்டு கடிதத்தையும் திரும்ப அனுப்புங்கள். வரவுப் பதிவேடு வைத்துக் கட்டாயமாக்குவதற்கும் இணங்காதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையில்லாதவர், வேலைக்கு வரவே நடுங்குகிறவர், சாவை விரும்பிப் பேசுகிறவர் குழுவுக்கு அப்பாற்பட்டவர். மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போகவேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் 24 மணி நேரமும் வேலை செய்யும்.

பாய் வேண்டாம். சாரி, சீருடையோடு நிலத்தில் உட்கார்ந்து எழும்புவதிலேயே 5 நிமிடம் போய்விடும், கதிரை போதும். மணியும் வேண்டாம், கைபேசியை அதிர்வில் போட்டு மேசையில் வையுங்கள். வாங்குவதென்றால் சவர்க்காரம் வாங்குங்கள். உங்கள் வாட்டில் எந்தக் குழாயில் தண்ணீர் சீராக வருகிறது, எதில் சவர்க்காரம் இருக்கிறது என்று நாளைக்கே பாருங்கள். இல்லையென்றால் முதலில் ஸ்டோர்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டு, அது வந்த கிழமையில் தொடங்குங்கள்.